மதிப்பெண்ணைப் பிரியுங்கள், பதிவைச் சேருங்கள்: கணக்கு வகுப்பில் நடத்தை மதிப்பீடு

நாளிதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் இரண்டு வேலைகளை அடுத்தடுத்துச் செய்கிறார்கள். ஒன்று, கணக்குப் பாடத்துக்கு வளரறி (பருவம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு), தொகுத்தறி (பருவ இறுதி மதிப்பீடு) மதிப்பெண்களைப் பதிவது. மற்றொன்று, கல்வி இணைச் செயல்பாடுகள் என்ற தலைப்பில் குழந்தையின் மனப்பான்மை, மதிப்புகள், வாழ்க்கைத் திறன் முதலியவற்றுக்குத் தரநிலை போடுவது. முதல் வேலையில், நுழையக் கூடாத நடத்தை நுழைந்துவிடுகிறது. இரண்டாவது வேலையில், குழந்தை கணக்கில் எங்கே தடுக்கி நின்றது என்ற விவரமே இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு குழந்தையை ‘சேட்டைக்காரன், கணக்கு வராது’ என்ற ஒரே வரிக்குள் அடைத்துவிடுகின்றன. இதை மாற்றப் புதிய திட்டமோ கூடுதல் நிதியோ தேவையில்லை. எப்படி என்பதை விளக்கவே இந்தக் கடிதம். சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிப்பதையும், அது புரிந்துகொண்டதைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடுவதையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைக்கிறது. 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதன் வழியில்தான் 2012-13 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. செயல்பாடுகளுக்கான வளரறி (அ) 20, சிறு தேர்வுகளுக்கான வளரறி (ஆ) 20, பருவ இறுதித் தேர்வுக்கு 60 என்பது அதன் கணக்கு. இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த முதல் 20 மதிப்பெண்ணை எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

கணக்குக்கு வளரறி (அ) செயல்பாடு என்றால் பல பள்ளிகளில் சார்ட் அட்டைதான். ‘வடிவங்களை வெட்டி ஒட்டி வரவும்’, ‘வாய்ப்பாட்டை அழகாக எழுதி வரவும்’ என்று சொல்லிவிடுகிறோம். அட்டையை அக்காவோ அம்மாவோ செய்து தருகிறார்கள். ஒரு செயல்பாட்டுக்கான பத்து மதிப்பெண்ணில் அழகுக்கு 2, உரிய நேரத்தில் ஒப்படைத்ததற்கு 2, வகுப்பில் ஒழுங்காக நடந்துகொண்டதற்கு 2 என்று போய்விட்டால் கணக்குக்கு மிஞ்சுவது நான்கே. சொன்னபடி கேட்கும் குழந்தை 9 வாங்குகிறது. கணக்கு நன்றாக வந்தாலும் அட்டை வாங்க வசதியில்லாத குழந்தையோ, வகுப்பில் வாயாடும் குழந்தையோ 5 வாங்குகிறது. அடுத்த ஆண்டு ஆசிரியர் இந்த 9ஐயும் 5ஐயும் கணக்குத் திறன் என்றே நம்புகிறார்.

அதே பத்து மதிப்பெண்ணைக் கணக்குக்கே முழுதாகக் கொடுக்கலாம். வகுப்பறைக்கு வெளியே உள்ள வராந்தாவின் நீளத்தை அளக்கும் செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம். அளப்பதற்கு முன் உத்தேசமாகச் சொல்ல 2, சென்டிமீட்டரா மீட்டரா என்று அலகைத் தேர்ந்து காரணம் சொல்ல 2, சரியாக அளக்க 3, எப்படி அளந்தோம் என்பதை மற்றவருக்கு விளங்கச் சொல்ல 3. ‘சரியாக அளக்க’ என்பதற்குள்தான் விஷயம் இருக்கிறது. குழந்தை பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா, 1லிருந்தா? பழைய மர அளவுகோல்களில் பூச்சியக் கோடு விளிம்பில் இருக்காது, சற்று உள்ளே தள்ளி இருக்கும். விளிம்பை வைத்து அளக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை கோலை எடுத்து வைக்கும்போதும் சிறிது தவறு சேர்ந்துகொண்டே போகும். கோல் முடிந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறதா, குத்துமதிப்பாகக் கையை வைத்து நகர்த்துகிறதா? கடைசியில் முழுக்கோலுக்குக் குறைவாக மிஞ்சும் பகுதியை என்ன செய்கிறது? இந்த நான்கையும் பார்த்தால் போதும், அந்தக் குழந்தைக்கு நீளம் என்ற கருத்து எவ்வளவு பிடிபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். குழுவில் சண்டை போட்டதா, சிரித்ததா என்பதற்கு இந்தப் பத்தில் இடமில்லை. அதற்கு வேறு பதிவு இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்தது வளரறி (ஆ), அதாவது சிறு தேர்வு. இங்கே தவறு வேறு வகை. கழித்தல் தேர்வில் 47 − 23, 58 − 25, 69 − 34 என்று மூன்று கணக்குக் கொடுத்தால் வகுப்பே மூன்றும் சரியாகப் போடும். ‘பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழி’ என்ற தப்பான விதியை மனத்தில் வைத்திருக்கும் குழந்தைக்கும் இவற்றில் சரியான விடையே வரும். அந்தக் குழந்தையை இந்தத் தேர்வு கண்டுபிடிக்காது. 52 − 27 கொடுத்தால்தான் 35 என்று எழுதித் தன் விதியைக் காட்டும்.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க 403 − 158 நல்ல கணக்கு. சரியான விடை 245. தவறாகப் போடும் குழந்தைகள் வாய்க்கு வந்ததை எழுதுவதில்லை. பெரும்பாலும் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். 355 என்று வந்தால் மேற்சொன்ன விதிதான் காரணம்: 8க்கும் 3க்கும் வேறுபாடு 5, 5க்கும் 0வுக்கும் 5, 4க்கும் 1க்கும் 3. இந்தக் குழந்தைக்குக் கடன் வாங்குதல் என்பதே இன்னும் வரவில்லை. 345 என்று வந்தால் குழந்தை பூச்சியத்தை 9 ஆக்கத் தெரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் அந்த 9 எங்கிருந்து வந்தது என்று தெரியாததால் நூறுகளின் இடத்தில் 4ஐ 3 ஆகக் குறைக்கவில்லை. செய்முறையை மனப்பாடம் செய்து, பாதியை மறந்த குழந்தை இது. 255 என்று வந்தால் நூறை உடைத்துப் பத்துகள் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது; ஆனால் அந்தப் பத்து பத்துகளில் ஒன்றை ஒன்றுகள் இடத்துக்குக் கொடுத்தபின் ஒன்பதுதான் மிஞ்சும் என்பதை விட்டுவிட்டது. மூன்று விடைக்கும் சிவப்பு மையில் ஒரே பெருக்கல் குறி போட்டுக் கீழே ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறோம். கவனக்குறைவு என்பது நடத்தை பற்றிய தீர்ப்பு. இந்த மூவரில் யாரும் கவனமின்றி எழுதவில்லை.

மூவருக்கும் வேண்டிய உதவியும் வேறு வேறு. முதல் குழந்தைக்கு இரண்டு இலக்கக் கழித்தலிலேயே குச்சிக் கட்டை அவிழ்த்துப் பார்க்கும் வேலை வேண்டும். 5 பத்துக் கட்டும் 2 உதிரியும் கையில் இருக்க 7 உதிரி கேட்டால் என்ன செய்வாய் என்பதே கேள்வி. இரண்டாவது, மூன்றாவது குழந்தைகளுக்கு நூறு, பத்து, ஒன்று என மூன்று அடுக்கும் வேண்டும். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட், அப்படிப் பத்துக் கட்டுக்கு ஒரு பெரிய ரப்பர் பேண்ட் போட்டு நூறு குச்சிக் கட்டுகளைச் செய்துகொள்ளலாம். தென்னை ஈர்க்கே போதும். 4 நூறும் 3 உதிரியும் எடுத்து வைத்து, ஒரு நூறை அவிழ்க்கச் செய்ய வேண்டும்: 3 நூறு, 10 பத்து, 3 உதிரி. பிறகு ஒரு பத்தை அவிழ்க்க வேண்டும்: 3 நூறு, 9 பத்து, 13 உதிரி. ஒவ்வொரு முறை அவிழ்த்ததும் அப்போதே நோட்டில் அடித்து மாற்றி எழுத வேண்டும். குச்சி வேலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு தனியாக நோட்டில் கணக்குப் போட வைத்தால் கைக்கும் நோட்டுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. பொருள்களைக் கொண்டு கற்பித்தும் பலன் இல்லை என்று சலித்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது 1 முதல் 5ஆம் வகுப்பு வரை, அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் நடக்கிறது. 2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகளின் கற்றல் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நிலைவாரியாகக் கற்பிப்பது நல்ல ஏற்பாடு. செயலியில் நடத்தும் தேர்வுகளில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் வருவதால், தவறான விடைகளை எப்படி அமைக்கிறோம் என்பது மிக முக்கியமாகிறது. 403 − 158க்கு 245, 200, 561, 300 என்று விடைகள் கொடுத்தால் குழந்தைக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் தெரியும். 245, 355, 345, 255 என்று கொடுத்தால் எந்தக் குழந்தைக்கு எந்த உதவி வேண்டும் என்பது அன்று மாலையே ஆசிரியருக்குத் தெரியும். பத்துப் பேர் 345ஐத் தொட்டிருந்தால் அது பத்துக் குழந்தைகளின் குறையல்ல, கற்பித்த முறையை மறுபடி பார்க்கச் சொல்லும் செய்தி. கேள்வித்தாள் தயாரிப்போர் ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில் ‘இதைத் தேர்ந்தால் பொருள் என்ன’ என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பின்னத்திலும் தசமத்திலும் இதே கவனம் வேண்டும். 0.3, 0.25 இவற்றில் எது பெரியது என்றால், 25 என்பது 3ஐவிடப் பெரியது என்று 0.25ஐச் சொல்லும் குழந்தைகள் உண்டு. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று பாதி கற்றுக்கொண்டு, இலக்கம் குறைவாக இருந்தால் அதுவே பெரியது என்று நினைக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்கள் இதற்குச் சரியாக விடை சொல்லிவிடுவார்கள். 0.45, 0.3 என்ற இணையையும் சேர்த்துக் கேட்டால்தான் இரண்டாவது கூட்டம் வெளியே தெரியும்.

இனி நடத்தைப் பதிவுக்கு வருவோம். ‘சேட்டை’, ‘மந்தம்’, ‘அடங்காதவள்’, ‘ஆர்வமில்லை’ போன்ற சொற்கள் பதிவேட்டில் இருக்கவே கூடாது. அவை கண்ணால் கண்டதைச் சொல்வதில்லை, நம் முடிவைச் சொல்கின்றன. கண்டதை எழுத மூன்று கட்டம் போதும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன் பிறகு என்ன நடந்தது. ‘கடன் வாங்கும் கழித்தல் ஐந்து எழுதிப் போட்டேன். இரண்டாவது கணக்கில் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். திரும்பி வருவதற்குள் விடையை நான் போர்டில் எழுதிவிட்டேன். அதைப் பார்த்து எழுதினான்.’ இப்படி ஒரு பதிவு, ஒரு பக்கம் நிறைந்த குணச்சித்திரத்தைவிடப் பயனுள்ளது. இதே பையன் கூட்டல் நடக்கும் நாளில் எழுந்து போகவில்லை என்று மற்றொரு பதிவு சொன்னால், தாகம் தண்ணீருக்கானது அல்ல என்று புரிந்துவிடும்.

மூன்றாவது கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் புரியாமல் பக்கத்துப் பையனைச் சீண்டுகிற குழந்தையை வெளியே நிற்க வைத்தால் என்ன ஆகிறது? அந்தக் கணக்கைப் போடுவதிலிருந்து அவனுக்கு விடுதலை கிடைக்கிறது. சீண்டினால் கணக்கிலிருந்து தப்பலாம் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். அடுத்த வாரம் சீண்டல் அதிகமாகும், தண்டனையும் அதிகமாகும், கழித்தல் மட்டும் அப்படியே நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் கணக்கை எடுத்துவிடாமல் அதைச் சிறியதாக்க வேண்டும். ஐந்து கணக்குக்குப் பதிலாக ஒன்று. அதிலும் ‘எந்த இடத்தில் கட்டை அவிழ்க்க வேண்டும், அதை மட்டும் வட்டமிடு’ என்று ஒரே படி. அதை முடித்ததும் அடுத்த படி. பிறர் காதில் விழாதபடி பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒரு சம்பவத்தை வைத்து முடிவெடுக்காமல் இருக்க எளிய எண்ணிக்கை முறை ஒன்று உண்டு. 40 நிமிடப் பாடவேளையில் மூன்று குழந்தைகளைத் தேர்ந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் கணக்கு வேலையில் இருந்தால் ஒரு கோடு, இல்லையென்றால் ஒரு வட்டம் போட வேண்டும். ஒரு வேளைக்கு 8 பார்வை. வாரம் மூன்று வேளை, இரண்டு வாரம் என்றால் ஒரு குழந்தைக்கு 48 குறிகள். குறியின் மேல் அப்போது நடந்தது எது என்று ஓரெழுத்தில் எழுதிக்கொள்வது மிக முக்கியம்: போர்டில் விளக்கம் என்றால் ‘வி’, குழுவில் பொருள்களோடு வேலை என்றால் ‘கு’, தனியாக நோட்டில் என்றால் ‘த’. வட்டங்கள் ‘வி’யில் மட்டும் குவிந்திருந்தால் விளக்கம் நீண்டுவிட்டது என்று பொருள். ‘த’வில் மட்டும் குவிந்திருந்தால் குழந்தைக்குக் கணக்கை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். மூன்றிலும் சமமாக இருந்தால் காரணம் கணக்குக்கு வெளியே இருக்கலாம்; காலையில் சாப்பிட்டதா, இரவு தூங்கியதா, வீட்டில் என்ன நிலைமை என்று விசாரிக்க வேண்டும்.

இதில் தவறு நேரும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, நேரம் வரும்போது பார்க்காமல் குழந்தை சத்தம் போடும்போது நிமிர்ந்து பார்த்துக் குறி போடுவது. அப்படிச் செய்தால் வட்டம் மட்டும்தான் விழும். இரண்டாவது, மூன்று பேரையும் ‘பிரச்சினைப் பிள்ளைகள்’ என்று தேர்ந்தெடுப்பது. ஒருவர் வாயாடி, ஒருவர் நடுத்தரம், ஒருவர் பேசவே பேசாதவர் என்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும். மூன்றாவது, குறி போடுவது குழந்தைக்குத் தெரியும்படி செய்வது. மிரட்டும் கருவியாக அது மாறிய கணமே பதிவு பயனற்றுப் போகிறது.

பேசவே பேசாத குழந்தையைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்து, போர்டில் இருப்பதை முத்து முத்தாக எழுதி, எதுவும் கேட்காமல், எதற்கும் கை தூக்காமல் ஆண்டை முடிக்கும் குழந்தைகளில் பெண் குழந்தைகள் நிறைய. நடத்தையில் அவர்களுக்கு முதல் தரம் கிடைக்கும். 52 − 27ஐத் தனியாகக் கொடுத்தால் 35 என்று எழுதுவார்கள். யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. கணக்கு வகுப்பில் அமைதியை நல்ல நடத்தை என்று எண்ணுவதை நாம் விட்டாக வேண்டும். ‘எனக்கு இங்கே புரியல’ என்று சொல்வதும், ‘நான் வேற மாதிரி போட்டேன்’ என்று சொல்வதும், தன் விடையைத் தானே சரிபார்ப்பதும், பிறர் சொல்வதைக் கேட்டு ‘அது ஏன்’ என்று கேட்பதும்தான் கணக்கு வகுப்பில் பாராட்டிப் பதிய வேண்டிய நடத்தைகள். வகுப்பில் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதும், மூன்று நொடியாவது காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசுகிறார்கள் என்பதும்தான். மூன்று வரை மனத்துக்குள் எண்ணிவிட்டுப் பெயர் சொல்லி அழைப்பதற்கு எந்தப் பதிவேடும் தேவையில்லை.

குழந்தை கேட்கும் கேள்வியே சில நேரம் நல்ல தடயம். வாழ்க்கைக் கணக்கு கொடுத்ததும் ‘டீச்சர், இது கூட்டணுமா கழிக்கணுமா?’ என்று கேட்டால் குழந்தை கதையைப் படிக்கவில்லை, சொல்லைத் தேடுகிறது என்று பொருள். ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி என்று நாமே சொல்லிக் கொடுத்ததன் விளைவு அது. ‘மாலாவிடம் 15 கோலிகள் உள்ளன. அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை?’ என்று கேட்டால் ‘அதிகம்’ என்ற சொல்லைப் பிடித்து 21 என்று எழுதுவார்கள், விடை 9. இரண்டு பட்டை வரைந்து யாருடையது நீளம் என்று முதலில் கேட்டால் சொல்லைத் தேடும் பழக்கம் குறையும். அதேபோல விரல்விட்டு எண்ணுவதைக் குற்றமாகப் பார்த்து அடக்கும் வழக்கமும் போக வேண்டும். 9 + 5க்கு ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண்ணுகிறதா, 9ஐ மனத்தில் வைத்துப் பத்து, பதினொன்று என்று தொடர்கிறதா, 5இலிருந்து 1 எடுத்து 10 ஆக்குகிறதா என்பதை விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். விரலை மேசைக்கு அடியில் மறைக்கச் செய்தால் இந்தத் தகவலும் மறைந்துவிடும்.

நடத்தை என்று நாம் எழுதுவது சில நேரம் உடல்நிலையாக இருக்கும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் குழந்தைக்குப் போர்டு தெரியாமல் இருக்கலாம். முன் வரிசையில் ஒரு வாரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ‘காப்பியடிக்கிறாள்’ என்ற எண்ணத்துக்கே வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தைக்குக் காதில் சீழ் இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் இந்தக் குழந்தைகளைப் பெயர் குறித்துக் காட்ட வேண்டும். எண்களைக் கையாள்வதிலேயே நீடித்த சிரமம் இருந்தால் அது கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் அங்கீகரித்திருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்வது வகுப்பாசிரியர் வேலை அல்ல. என்னென்ன முயன்றோம், என்ன பலன் என்ற பதிவோடு வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்புவதுதான் நம் வேலை.

பாடத்திட்டத் தரநிலைகளில் இருக்கும் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 2017இல் தேசியக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வெளியிட்ட கற்றல் விளைவுகளில் (ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தைக்கு வர வேண்டிய திறன்களின் பட்டியல்) 3ஆம் வகுப்புக்கு உரியது, 999க்கு மிகாத மூன்று இலக்க எண்களில் கூட்டல், கழித்தல் கணக்குகளை மாற்றி எழுதியும் (கழித்தலில் இதைத்தான் கடன் வாங்குதல் என்கிறோம்) எழுதாமலும் தீர்ப்பது. ஒரே வாக்கியம். அதற்குள் குறைந்தது ஐந்து படிகள் இருக்கின்றன: இடமதிப்பு, அதாவது நூற்று ஐந்தை 1005 என்று எழுதாமல் 105 என்று எழுதுவது, மாற்றாமல் கழிப்பது, ஒருமுறை மாற்றிக் கழிப்பது, இருமுறை மாற்றிக் கழிப்பது, நடுவில் பூச்சியம் வரும்போது கழிப்பது. ஆண்டு இறுதியில் ‘அடைந்தார்’, ‘அடையவில்லை’ என்று ஒரே கட்டத்தில் குறித்தால், நான்கு படி ஏறிய குழந்தையும் முதல் படியில் நிற்கும் குழந்தையும் ஒன்றாகிவிடுகிறார்கள். தரநிலையைத் தாழ்த்தச் சொல்லவில்லை. அதன் படிகளை அச்சிட்டுக் கொடுங்கள் என்கிறோம். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வியை ஆராய்ந்த, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு, பெரும்பாலான குழந்தைகளிடம் உள்ள பயத்தையும் தோல்வி உணர்வையும் முதல் சிக்கலாகச் சொன்னது; கணிதத்தை வெறும் இயந்திரக் கணக்கீடாகக் காட்டும் மதிப்பீட்டு முறைகளையும் அதே பட்டியலில் வைத்தது. நாம் இங்கே நடத்தை என்று எழுதுவதில் பெரும்பகுதி அந்தப் பயத்தின் வெளித்தோற்றம்.

ஆசிரியர்களிடம் எதிர்பார்க்கும் தரமும் இதற்கேற்ப மாற வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகளில் குழந்தை மேம்பாட்டுக்கு 30, கணக்குக்கு 30 என்று தனித்தனியாக வருகின்றன. வகுப்பறையில் இவை இரண்டும் தனித்தனியாக வருவதில்லை. ‘ஒரு மாணவி 403 − 158 = 345 என்று எழுதியிருக்கிறாள். அவள் எப்படி யோசித்தாள்? அடுத்து என்ன கொடுப்பீர்கள்?’ என்ற வகைக் கேள்விகள் தகுதித் தேர்விலும் பயிற்சி நிறுவனங்களின் தேர்விலும் நிறைய வர வேண்டும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வோர் ஆசிரியரும் தவறான விடைகள் உள்ள ஐந்து நோட்டுகளைக் குழந்தையின் பெயரை மறைத்துக் கொண்டுவந்து, மற்றவர்கள் அந்தத் தவறுகளின் வழியைக் கண்டுபிடிக்கட்டும். பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்கள் பதிவேடுகளின் பக்கங்களை எண்ணுவதற்குப் பதிலாக, ‘இந்தக் குழந்தை கழித்தலில் எந்தப் படியில் இருக்கிறது?’ என்று கேட்டு, அந்தக் குழந்தையோடு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வகுப்பில் சத்தம் இருந்தால் அது கணக்கைப் பற்றிய சத்தமா என்று ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும்.

நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. தொடக்கநிலையில் 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவுகோல். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே 1, 2, 3ஆம் வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதும் அவர் தலையில்தான். எனவே புதிய பதிவேடு எதுவும் சேர்க்கக் கூடாது. மனப்பான்மை, மதிப்புகள் என்ற தலைப்புகளில் எல்லாக் குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் வேலையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் குழந்தைக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். நாளொன்றுக்கு ஒரு குழந்தை, ஒரு வரி. 30 பேர் உள்ள வகுப்பில் வாரம் ஐந்து வேலை நாள் என்றால் ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடியும். மேலே சொன்ன 48 குறி முறை எல்லாக் குழந்தைக்கும் தேவையில்லை. காரணம் புரியாத ஓரிருவரையும், ஒப்பிடுவதற்கு மற்றவரையும் சேர்த்து மூவருக்கு மட்டும் அதைச் செய்தால் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்த நடத்தைக் குறிப்புகள் ஆசிரியரின் வேலைக்காக எழுதப்படுபவை. பெற்றோர் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் படிக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழின் நடத்தைக் கட்டத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சம்பவக் குறிப்புகள் அந்த ஆண்டோடு முடிய வேண்டும். அடுத்த வகுப்பு ஆசிரியருக்குப் போக வேண்டியது ஒரே ஒரு வரி: ‘கழித்தலில் நடுவில் பூச்சியம் வந்தால் நூறைக் குறைக்க மறக்கிறாள், குச்சிக் கட்டு கொடுத்தால் தானே திருத்திக்கொள்கிறாள்.’ வரும் ஜூன் மாதப் பயிற்சிக்குள் இந்த அரைப் பக்கப் படிவத்தையும், வகுப்புவாரியாகக் கணக்கின் படிகளையும் அச்சிட்டுத் தரப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்கநிலைக் கணித ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்